வீட்டுக்கு முன் மனை: தலித் மக்களின் குடியிருப்புரிமையும் அரசின் வீட்டுவசதித் திட்டங்களும்

வீடற்றோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு அரசிடம் ஓர் எண் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதும் 17.73 இலட்சம் பேரை வீடற்றோராகப் பதிவுசெய்தது. தமிழ்நாட்டில் அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 51 ஆயிரம். நடைபாதையிலும் மேம்பாலத்தின் அடியிலும் இரயில் நிலைய மேடையிலும் வழிபாட்டிடங்களின் திறந்த மண்டபங்களிலும் இரவைக் கழிப்போரையே கணக்கெடுப்பு இவ்வாறு வகைப்படுத்துகிறது.

இந்த வரையறைக்கு வெளியே மிகப் பெரிய மக்கள்தொகை ஒன்று வாழ்கிறது. ஓடைக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர், பிறர் நிலத்தில் அவர் தயவில் குடியிருப்பவர், கையில் பட்டா இருந்தும் அதற்குரிய இடம் அளந்து காட்டப்படாதவர், ஒரே தொகுப்பு வீட்டில் மூன்று குடும்பங்களாக ஒண்டியிருப்பவர் ஆகிய எவரும் கணக்கெடுப்பின் பார்வையில் வீடற்றோர் அல்லர். தலித் மக்களின் வீட்டுவசதிச் சிக்கலில் பெரும்பகுதி கணக்கில் வராத இந்த இடத்தில்தான் உள்ளது. கூரையின் பற்றாக்குறையாக மட்டும் அதைப் பார்க்கும் திட்டங்கள் கூரைகளைத் தந்திருக்கின்றன. கூரைக்கு அடியிலுள்ள நிலம் யாருடையது என்ற கேள்வி பல ஊர்களில் இன்னும் தீராமல் இருக்கிறது. அக்கேள்வியின் வரலாற்றையும், அரசுத் திட்டங்கள் அதை எதிர்கொண்ட விதத்தையும், இன்றைய நிலையையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

சேரி நிலத்தின் உரிமை

19ஆம் நூற்றாண்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதாரர்கள் சாகுபடி நிலத்தின் மீது மட்டுமன்றி, சேரி அமைந்திருந்த நிலத்தின் மீதும் உரிமை கொண்டாடினர். பண்ணை வேலையை விட்டு விலக நினைத்த குடும்பம் குடியிருப்பையும் இழக்க நேரிடும். கூலி உயர்வு கேட்பதும், வேறிடத்தில் தரிசு நிலத்துக்கு விண்ணப்பிப்பதும் இதே அச்சத்தால் தடுக்கப்பட்டன. பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இந்நிலையை விரிவாக எடுத்துக்காட்டியது. அதைத் தொடர்ந்து 1892ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்ட அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஏற்பாடு உருவானது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் அழைப்பது இதைத்தான். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் அதே வகுப்பினருக்கே விற்கலாம் என்ற நிபந்தனைகள் இந்நிலங்களுக்கு உண்டு. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி பிற சாதியினரின் கைகளுக்குச் சென்றுவிட்டது.

1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக வீட்டுமனைகளைக் கையகப்படுத்தி வழங்குவதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. அரசு வீடு கட்டித் தரும் காலத்துக்கு முன்பே மனை கேட்கும் காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இது சான்று.

தஞ்சைப் பகுதியில் பண்ணையாரின் நிலத்திலிருந்த குடியிருப்புகளைக் காப்பதற்கென 1961இல் குடியிருப்போரை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த தாக்குதலில், ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. மூன்றாண்டுகளுக்குப் பின், 1971இல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உடைமை வழங்கும் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களையும் கைவினைஞர்களையும் அந்த மனைக்கு உரிமையாளர்கள் ஆக்கியது. இன்று தாட்கோ என அறியப்படும் கழகம் 1974இல் தொடங்கப்பட்டபோது அதற்கு இடப்பட்ட முதற்பணி, ஆதிதிராவிட மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருவது. குடிசை என்பது இம்மக்களுக்கு வறுமையின் அடையாளம் மட்டுமன்று. தீ வைக்கப்படக்கூடிய இடமும் ஆகும் என்பதை அரசே அறிந்திருந்தது.

வீடு வழங்கும் திட்டங்களின் வரிசை

ஒன்றிய அரசின் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86இல் ஓர் ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்தின் உட்பிரிவாகத் தொடங்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் ஆகியோருக்கென்றே அது வகுக்கப்பட்டது. 1993-94இல் பிற ஏழைகளுக்கும் விரிவாக்கப்பட்டு, 1996 ஜனவரி முதல் தனித் திட்டமாக நடந்தது. 2016இல் அதன் இடத்தில் பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டம் வந்தது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1.20 இலட்சம் ரூபாய், குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்பு, செலவில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்பது என்பவை அதன் அடிப்படை விதிகள். தேசிய அளவிலான இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியினராக ஏற்காததால், இந்த ஒதுக்கீட்டில் அவர்களுக்கு இடமில்லை.

மாநில அரசும் தன் பங்குக்குத் திட்டங்களை அறிவித்து வந்திருக்கிறது. 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம், 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் இலக்குடன் வீடொன்றுக்கு 75 ஆயிரம் ரூபாய் மானியம் அறிவித்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அதன் இடத்தில் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது; ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகள் எனவும் ஒவ்வொன்றும் 300 சதுர அடி எனவும் வரையறுக்கப்பட்டது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் ஊரகங்களில் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. முதலாண்டில் ஒரு இலட்சம் வீடுகளுக்கு, வீடொன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய் வீதம் 3,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இவற்றிலிருந்து வேறுபட்டது 1997-98இல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம். மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள்; அவற்றில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு. ஊர், சேரி என்ற பிரிவினையைக் குடியிருப்பின் அமைப்பிலேயே மறுத்த ஒரே பெரிய அரசுத் திட்டம் இதுவே. மனையும் வீடும் ஒருசேர வழங்கப்பட்டதும் இதன் தனித்தன்மை. ஆனால் மாநிலத்தில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்க, சமத்துவபுரங்கள் சில நூறு என்ற அளவிலேயே நின்றுவிட்டன.

தகுதி விதியும் தகுதியிழப்பும்

மேற்கண்ட ஊரகத் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு முன்நிபந்தனை உண்டு: பயனாளிக்குச் சொந்த மனை இருக்க வேண்டும். மானியத் தொகை வீட்டின் கட்டுமானத்துக்கானது, நிலத்துக்கானது அன்று. கனவு இல்லத் திட்டத்திலும் குடிசையில் வாழ்வதோடு மனைக்குப் பட்டா இருப்பதும் தகுதியாகக் கேட்கப்படுகிறது. நகர்ப்புறத்தில், பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் தாமே வீடு கட்டிக்கொள்வோருக்கான பிரிவும் சொந்த நிலம் உள்ளவரையே கணக்கில் கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்ட சமூகத்திடம் நிலத்தைத் தகுதியாகக் கேட்பது, திட்டத்தின் பயனை அதன் முதற்படியிலேயே பறித்துவிடுகிறது.

இச்சிக்கலை அரசு அறியாமல் இல்லை. 2009இல் ஒன்றிய அரசு நிலமற்ற ஊரக ஏழைகள் மனை வாங்குவதற்கென 10 ஆயிரம் ரூபாய் உதவி அறிவித்தது. ஒன்றிய அரசும் மாநில அரசும் சரிபாதி ஏற்ற அத்தொகையில் பெரும்பாலான ஊர்களில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதும் அரிது. 2016க்குப் பிந்தைய நெறிமுறைகள் நிலமற்ற பயனாளிகளுக்கு நிலம் கிடைக்கச் செய்யும் பொறுப்பை மாநில அரசின் மேல் வைக்கின்றன. பொறுப்பு எழுத்தில் உள்ளது. அதை நிறைவேற்றத் தனி நிதியோ, காலக்கெடுவோ அதனுடன் வரவில்லை.

இரண்டாவது தகுதியிழப்பு, ஏற்கெனவே வீடு இருப்பதால் நேர்வது. 1980களிலும் 1990களிலும் காலனிகளில் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகள் ஓர் அறையும் ஒரு திண்ணையும் கொண்டவை. இன்று அவற்றில் பெற்றோரும் மணமான இரு பிள்ளைகளின் குடும்பங்களும் சேர்ந்து வாழ்கின்றனர். மேற்கூரையின் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுகிறது. ஆனால் பதிவேட்டில் அது கான்கிரீட் வீடு. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரச் சாதிவாரிக் கணக்கெடுப்பைக் கொண்டு பயனாளிகளின் நிரந்தரக் காத்திருப்புப் பட்டியல் உருவாக்கப்பட்டபோது, இத்தகைய குடும்பங்கள் வீடுள்ளோராகவே கொள்ளப்பட்டன. பின்னர் 2018-19இல் விடுபட்டோரைச் சேர்க்கும் கணக்கெடுப்பு நடந்தபோதும் அடிப்படை வரையறை மாறவில்லை. பழைய அரசு வீடுகளைச் சீரமைக்க 2024இல் மாநில அரசு அறிவித்த பழுதுபார்ப்புத் திட்டம் கூரையைக் காக்கலாம். கூட்டுக் குடித்தனத்தின் நெருக்கடியைத் தீர்க்க இரண்டாவது மனை வேண்டும்.

1978ஆம் ஆண்டின் கையகப்படுத்தல் சட்டம்

மனை வழங்குவதற்கு அரசின் கையிலுள்ள வலுவான கருவி, 1978இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஹரிஜன நலத் திட்டங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டம். இம்மக்கள் நெடுங்காலமாக ஏற்க மறுத்துவரும் ஒரு சொல் சட்டத்தின் பெயரில் இன்னும் நீடிக்கிறது. எனினும் சட்டத்தின் உள்ளடக்கம் பயனுள்ளது. மாவட்ட ஆட்சியர் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பைக் கேட்டு, மாவட்ட அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டதும் நிலம் அரசின் உடைமையாகிறது. பொதுச் சட்டத்தின் நீண்ட நடைமுறையை விட இது சுருக்கமானது. ஊரகத்தில் வழக்கமாக மூன்று சென்ட் அளவில் வழங்கப்படும் இலவச வீட்டுமனைகளுக்கான நிலம் இவ்வழியிலும் திரட்டப்படுகிறது.

2013ஆம் ஆண்டின் புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம் வந்தபின், இச்சட்டத்துக்கு விலக்களித்து மாநிலம் திருத்தம் கொண்டுவந்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. தொழில் தேவைகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்குமான வேறு இரு மாநிலச் சட்டங்களும் அதே தீர்ப்பில் வீழ்ந்தன. மூன்றையும் மீட்டெடுக்கும் சட்டத்தை அதே ஆண்டு சட்டப்பேரவை நிறைவேற்றியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மீட்புச் சட்டம் செல்லும் என்று கூறியது. ஆகவே சட்டத் தடை என்று அதிகாரிகள் கூறுவதற்கு இன்று இடமில்லை. பட்டியல் சாதியினருக்கு வீடு கட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டதை எதிர்த்து உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த சமேலி சிங் வழக்கில், குடியிருப்புரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1990களின் நடுவிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

சிக்கல் நடைமுறையில் எழுகிறது. நிலம் கையகப்படுத்தப்பட்டுப் பட்டா வழங்கும் விழாவும் முடிந்திருக்கும். முந்தைய உரிமையாளர் இழப்பீடு போதாது என்றோ நடைமுறை பிழை என்றோ வழக்குத் தொடுத்திருப்பார். கிராமக் கணக்கில் பெயர் மாற்றம் நிகழ்ந்திருக்காது. மனைகள் அளந்து கல் நடப்பட்டிருக்காது. குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்டவில்லை என்று ஒப்படை நிபந்தனையைக் காட்டிப் பட்டாவை நீக்கும் நடவடிக்கையும் சில வேளைகளில் தொடர்கிறது. கையிலிருக்கும் தாள் எந்தத் திட்டத்துக்கும் ஆதாரமாகாமல் போகிறது.

மனை எங்கே அமைகிறது

மனை கிடைப்பதோடு அது எங்கே கிடைக்கிறது என்பதும் உரிமையின் பகுதி. ஊருக்கு வெளியே, நீர் தேங்கும் தாழ்நிலத்தில், சுடுகாட்டுப் பாதையை ஒட்டி மனைகள் ஒதுக்கப்படும்போது, அரசே புதிய சேரியை வரைகிறது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூர் ஆதிதிராவிடர் காலனியில், அடுத்த மனையின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் இடிந்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்ததில் 17 பேர் உயிரிழந்தனர். சுவர் ஆபத்தானது என்று குடியிருப்போர் முன்பே முறையிட்டிருந்தனர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய குடியிருப்புகளில் 260க்கும் மேற்பட்ட வீடுகள் சாதி வன்முறையில் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. எரிந்தவற்றில் பல, உழைத்துச் சேர்த்த பணத்தில் எழுந்த கான்கிரீட் வீடுகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பட்டியல் சாதியினரின் குடியிருப்பைத் தீ வைத்து அழிப்பது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் வீட்டுவசதித் திட்டங்களின் மதிப்பீட்டில் பாதுகாப்பு ஓர் அளவுகோலாக இடம்பெறுவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் அரசமைப்பு அவைக்கென எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற கோரிக்கை ஆவணத்தில், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியேற்றங்களை அமைக்க ஓர் ஆணையத்தையும் அதன் பொறுப்பில் சாகுபடி செய்யப்படாத அரசு நிலங்களையும் கேட்டார். அக்கோரிக்கையில் குடியிருப்பும் வாழ்வாதார நிலமும் இணைந்திருந்தன. பின்னாளில் அரசுகள் அமைத்த காலனிகளில் பிரிவினை மட்டும் தொடர்ந்தது. நிலம் உடன் வரவில்லை.

நகரத்திலிருந்து விலக்கப்படுவோர்

நகரங்களில் இதே சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புற மக்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 12.6 விழுக்காடு, குடிசைப் பகுதிகளில் வாழ்வோரில் அவர்கள் 20 விழுக்காட்டுக்கும் மேல். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டம், அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் குடியிருப்போருக்கு வெளியேற்றத்துக்கு எதிரான பாதுகாப்பையும், இருக்கும் இடத்திலேயே மேம்பாட்டையும் வழங்குகிறது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கை செய்யப்பட்டன. அதற்குப் பின் அறிவிக்கை நின்றுபோனது. அறிவிக்கை செய்யப்படாத பகுதிகளில் வாழ்வோர் ஆக்கிரமிப்பாளர் ஆயினர்.

அவர்களுக்குக் காட்டப்பட்ட மாற்றிடங்கள், 2000 முதல் உருவான கண்ணகி நகர், ஆழிப்பேரலைக்குப் பின் விரிந்த செம்மஞ்சேரி, அதன்பின் எழுந்த பெரும்பாக்கம் ஆகியவை. மூன்றிலும் சேர்த்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். கூவக்கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட வீட்டு வேலைத் தொழிலாளியும் தூய்மைப் பணியாளரும் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் குடியமர்த்தப்பட்டனர். பயணச் செலவும் நேரமும் வேலையை விழுங்கின. கல்வியாண்டின் நடுவே பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு அறுந்தது. வீட்டு எண்ணிக்கை கூடிய அதே அளவில் வாழ்வாதாரம் குறைந்தது.

நடைபாதையில் வாழ்வோருக்கென உச்ச நீதிமன்றம் 2010இல் இட்ட ஆணைகள், பெரு நகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், இரவும் பகலும் இயங்குமாறு அமைக்கச் சொல்லின. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கியது. நிதி இருந்தும் செயல்பாடு மந்தமாக இருந்ததால் 2016இல் நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு அமைத்து ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. காப்பகம் உயிரைக் காக்கும். அங்கிருந்து வாடகை வீட்டுக்கோ சொந்த வீட்டுக்கோ செல்லும் பாதையை எந்தத் திட்டமும் தெளிவாக வகுக்கவில்லை.

கேட்க வேண்டியவை

தமக்கோ தம் காலனிக்கோ உரிய நிலையை அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு. பட்டாவிலுள்ள பெயர் கிராமக் கணக்கின் அ-பதிவேட்டிலும் சிட்டாவிலும் ஏறியிருக்கிறதா? புல வரைபடத்தில் மனைகள் உட்பிரிவு செய்யப்பட்டுள்ளனவா? நிலம் கையகப்படுத்தப்பட்ட அறிவிக்கையின் நாள் என்ன, அதன்மீது வழக்கு நிலுவையில் உள்ளதா? கிராம சபையின் முன் வைக்கப்பட்ட பயனாளிகள் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது, என்ன காரணம் எழுதப்பட்டது? இவ்விவரங்களை ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் பெறலாம்.

அரசிடம் கேட்க வேண்டியது அதனினும் பெரிது. வீட்டுத் திட்டத்தின் ஒவ்வோர் ஆண்டு இலக்கோடும் மனை வழங்கும் இலக்கு இணைக்கப்பட வேண்டும். வழங்கிய பட்டாக்களில் எத்தனை அளந்து காட்டப்பட்டன, எத்தனையில் வீடு எழுந்தது, எத்தனை வழக்கில் உள்ளன என்ற கணக்கு ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கப்பட வேண்டும். கூட்டுக் குடித்தனமாக வாழும் மணமான குடும்பங்கள் தனிக் குடும்பங்களாகக் கணக்கிடப்பட வேண்டும். 2024இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்நிதியின் ஒரு திட்டவட்டமான பங்கு, ஊரோடு ஒட்டிய, குடியிருக்கத்தக்க நிலத்தை வாங்குவதற்கென்றே ஒதுக்கப்படுமானால், அடுத்த தலைமுறையின் விண்ணப்பம் ‘சொந்த மனை இல்லை’ என்ற ஒற்றை வரியால் திருப்பி அனுப்பப்படாது.